மேல்கட்டையின் பின்பக்கம்

மூன்றாவது பூச்சு காய்ந்த பிறகும் கறை வந்துவிட்டது. நாற்காலியின் முதுகில் மேலே குறுக்காகக் கிடக்கும் கட்டையில், இரண்டு முனைகளிலிருந்தும் நான்கு விரல் உள்ளே தள்ளி, நீர்த்த காப்பி சிந்தியதுபோல இரண்டு பழுப்புத் திட்டுகள். முதல் பூச்சில் பார்த்தபோது தூரிகையைச் சரியாகக் கழுவாமல் தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவதில், அந்த இடத்தில் வெள்ளையை மெலிதாக இழுத்துவிட்டேன் என்று. மூன்றாவது முறை நாற்காலியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். முன்பக்கத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது பின்பக்கத்தில் ஒரே பரப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. இது நடந்து ஏழு மாதமாகிறது. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. ஒரு பழைய நாற்காலிக்கு வண்ணம் பூசியதைப் பற்றி இத்தனை நாள் யோசிக்க என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டிருக்கிறேன். ஏதோ இருக்கிறது, அது என்னவென்று பிடிபடவில்லை என்பதால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நாற்காலி அப்பாவுடையது. அதற்கு முன்னால் ரயில்வேயுடையது. அப்பா பொன்மலைப் பணிமனையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் திருச்சிக்கு மாற்றப்பட்ட பணிமனை அது. பழைய மேசை நாற்காலிகளைக் கழித்து ஏலம் விட்டபோது 1974-இல் இதை எடுத்து வந்தாராம். கை வைத்த தேக்கு நாற்காலி, பிரம்பு பின்னிய இருக்கை. இருக்கைச் சட்டத்தின் அடியில் எஸ்.ஐ.ஆர். என்று இரும்பு முத்திரை அழுத்திய மூன்று எழுத்துகள். தென்னிந்திய ரயில்வே என்ற பெயர் 1951-இல் தெற்கு ரயில்வேக்குள் கரைந்துவிட்டது. ஆகவே எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அதற்கு இருபது வயதாவது கடந்திருக்க வேண்டும். வந்தபோது அது பச்சை எனாமல் பூசியிருந்தது என்றும், அப்பாதான் ஆள் வைத்துச் சுரண்டி பாலீஷ் போட்டார் என்றும் அம்மா சொல்வாள். கைகளின் அடிப்பக்கத்தில், சுரண்டியவரின் உளி எட்டாத மூலையில், அந்தப் பச்சை இன்னும் நகக்கண் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை நான் வெகுநாள் மறந்திருந்தேன். எனக்கு நினைவு தெரிந்து அது பழுப்பு நாற்காலி; எப்போதும் பழுப்பாக இருந்தது என்றே மனம் வைத்துக்கொண்டது.

பத்து வருடத்துக்கு முன்னால் இருக்கைப் பிரம்பு அறுந்தபோது பின்னிக் கொடுக்க ஒருவர் வந்தார். பார்வையற்றவர். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது நெடுங்காலம் ஒரு தொழிற்பாடமாக இருந்தது. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் அந்த வேலை பலருக்குச் சோறு போட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகு மெல்லக் குறைந்துவிட்டது. அவர் ஊறவைத்த பிரம்பை வாயில் கடித்துக்கொண்டு, சட்டத்தின் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணி, நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, பிறகு மூலைக்கு மூலை சாய்த்து என்று இழை ஏற்றினார். இரண்டு நாள் வேலை. ஈரப் பிரம்பின் வாசனை, குளத்தடியில் மக்கிய இலை மாதிரி, வீடெங்கும் இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் நாற்காலி முழுவதையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். தடவிவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “மேல்கட்டை பின்பக்கம் ஏம்மா இவ்வளவு தேஞ்சிருக்கு? கீழ்க்கட்டையில இழைப்புளி ஓடின வரிகூட அப்படியே இருக்கே.” நாற்காலியின் முன்பக்கத்தை வழவழவென்று இழைப்பார்கள். பின்பக்கம் சுவரைப் பார்க்கும் பக்கம் என்பதால் இழைப்புளியின் தடத்தோடு விட்டுவிடுவார்கள். சாய்கிறவன் முதுகு பட்டு முன்பக்கம் தேய்வது இயல்பு. பின்பக்கம் தேய அங்கே யார் சாய்ந்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. அம்மா “பழசுங்க” என்று மட்டும் சொன்னாள். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

அப்பா காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அம்மா பின்னால் நின்று மேல்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாகப் படிப்பாள். அவர் பக்கம் திருப்பும்போது அவள் பக்கமும் திரும்பும். அவள் முடித்திருக்க மாட்டாள். சொல்லவும் மாட்டாள். சில நாள் அடுப்படியிலிருந்து, “அந்த பஸ்ஸு கவுந்த ஊருல எத்தனை பேருனு போட்டிருந்தான்?” என்று கேட்பாள், விட்டுப்போன வரியைத் தெரிந்துகொள்ள. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு செய்தித்தாளை இன்னொருவருடைய வேகத்தில், நின்றுகொண்டே படித்திருக்கிறாள். ரேடியோவில் ஏழேகால் செய்தி ஓடும்போதும் அந்த இடம்தான். அப்பாவைப் பார்க்க ஆள் வந்து எதிரில் உட்கார்ந்தாலும் அந்த இடம்தான். அப்பா இல்லாத நேரத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கும். அதில் உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் உட்கார்ந்ததும் இல்லை. நாங்கள் பிள்ளைகள் ஏறி விளையாடியிருக்கிறோம். அம்மா அதைத் துடைப்பாள், நகர்த்துவாள், அதன்மேல் வேட்டியை மடித்து வைப்பாள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பா போய் ஐந்து வருடம். நாற்காலியைப் பரணில் போடவும் மனமில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை என்ற நிலையில்தான் சாக் பெயிண்ட் யோசனை வந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் என்பவர் 1990-இல் இந்தப் பெயரில் ஒரு வண்ணத்தைக் கொண்டுவந்தார். உப்புத்தாள் போட்டு உரச வேண்டாம், பிரைமர் வேண்டாம், பழைய பாலீஷின் மேலேயே பூசலாம் என்பதுதான் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. அதில் நிறமியும் சுண்ணத்தூளும் கூடுதல், ஒட்டவைக்கும் பிசின் குறைவு. காய்ந்ததும் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் நிற்கும். விழுகிற வெளிச்சம் அதில் சிதறிவிடுவதால் பளபளப்பு இருக்காது, திருநீறு பூசியதுபோல மங்கலாக இருக்கும். அதே காரணத்தால் எண்ணெய், தண்ணீர், அழுக்கு எது பட்டாலும் குடித்துக்கொள்ளும். அதனால் மேலே மெழுகு தேய்க்கச் சொல்கிறார்கள். டப்பா விலை கட்டுபடியாகவில்லை. ஒரு கப் வெள்ளை எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு, அதே அளவு தண்ணீர் என்று நானே கலந்தேன். மாவைத் தண்ணீரில் முதலில் கரைக்க வேண்டும். தாமதித்தால் கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். அந்த மாவு நனையும்போது எழுந்த வாசனை என்னைப் பொங்கலுக்கு முந்திய வாரத்துக்குக் கொண்டுபோனது. தாத்தா வீட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற, அது தானாகக் கொதித்துப் பொரிந்து அடங்கும். வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் நீலமும் சேர்த்து, மட்டையை நசுக்கிய தூரிகையால் சுவரில் இழுப்பார்கள். ஈரத்தில் சாம்பல் நிறமாக, சுவர் தெரியத்தான் இருக்கும். மாலைக்குள் கண் கூசும் வெள்ளை. காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து அந்தச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது என்று பின்னால் படித்தேன். சாக்குக்கும் அந்தச் சுவரின் தோலுக்கும் வேதியியலில் ஒரே பெயர். திண்ணைச் சுவரில் பாட்டி தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க்கறை இருக்கும். தையில் வெள்ளையடித்தால் மறையும். ஆடி வரும்போது திரும்ப வந்திருக்கும். பாட்டி இறந்த வருடம் அடித்த வெள்ளைக்குப் பிறகு வரவில்லை. அது எங்களில் யாரையும் உறுத்தியதில்லை என்பதை இப்போது நினைக்கிறேன். சுவரை வருடாவருடம் மூடினோம், மனதில் ஒன்றும் தங்கவில்லை. நாற்காலியை ஒருமுறை மூடியதற்கு ஏன் இப்படி?

ஒரு காரணம் அடுத்து நான் செய்த காரியமாக இருக்கலாம். சாக் பெயிண்ட் பூசுகிறவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. பூச்சு காய்ந்ததும் உப்புத்தாளால் விளிம்புகளை உரசி, அடியிலிருக்கும் மரம் அங்கங்கே எட்டிப் பார்க்கும்படி செய்கிறார்கள். பூசுவதற்கு முன்பே விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் அந்த இடத்தில் வண்ணம் சுலபமாக உதிரும். கருமெழுகைச் செதுக்கு வேலையின் குழிகளில் அப்பினால் நூறு வருட அழுக்குபோல் தங்கும். எங்கே உரச வேண்டும் என்பதற்கும் ஒரு விதி சொல்கிறார்கள்: பல காலம் புழங்கியிருந்தால் எங்கே தேய்ந்திருக்குமோ அங்கே. கை முனை, காலின் வெளிவிளிம்பு, பாதம் வைக்கும் குறுக்குக் கட்டை. நான் அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, மடியில் உப்புத்தாளோடு, நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து, இங்கே யாராவது இதைப் பிடித்திருந்தால் எங்கே பிடித்திருப்பார்கள் என்று கற்பனை செய்தேன். ஐம்பது வருடம் அதை யார் எங்கே பிடித்தார்கள் என்று தெரிந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கற்பனை செய்தேன். உண்மையாகத் தேய்ந்திருந்த இடங்களை வெள்ளையால் நிரப்பிவிட்டு, தேயாத இடங்களை இரண்டு மணி நேரம் உரசித் தேய்த்திருக்கிறேன். மேல்கட்டையின் பின்பக்கத்தை உரசவே இல்லை. விதியில் அது இல்லை. (உரசும்போது இன்னொரு தவறும் செய்தேன். கையின் அடியில் அந்தப் பழைய பச்சை இருந்த மூலையையும் முகத்தில் துணிகூடக் கட்டாமல் உரசினேன். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய எனாமல் பூசிய மரத்தை, அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், உரசித் தூசி கிளப்பக் கூடாது.)

வண்ணம் பொய், மரம் மெய் என்று சொல்லி இதை முடித்துக்கொள்ள முடியுமா என்றும் பார்த்தேன். முடியவில்லை. இங்கிலாந்தின் வின்ட்சர் நாற்காலிகளை எடுத்துக்கொண்டால், இருக்கைக்கு எல்ம், காலுக்கு பீச், வளைவுக்கு ஆஷ் என்று ஒரே நாற்காலியில் பல மரம் சேரும். பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றில் பலவற்றுக்குப் பச்சை பூசித் தோட்டத்தில் போட்டார்கள். மரத்தின் வேற்றுமையை வண்ணம் மூடியது. அதுதான் அவற்றின் பிறந்த கோலம். பின்னால் வந்தவர்களுக்கு மரத்தின் ரேகைமீது மோகம் வந்து அந்த வண்ணத்தை உரித்தார்கள். கடந்த நூற்றாண்டின் எழுபதுகளில் அங்கே பைன் மரச் சாமான்களைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்து, நிர்வாணமாக்கி விற்பது பெரிய வியாபாரமாக இருந்தது. அந்தக் காரத்தில் மூட்டுகளைப் பிடித்திருந்த வஜ்ஜிரம் இளகிக் கால்கள் ஆடின. உரித்த தலைமுறைக்கு அடுத்து வந்தவர்கள் இப்போது மறுபடி பூசுகிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு மதியம் நடந்திருக்கிறேன். பிரித்த வீடுகளின் தூண், கதவு, ஊஞ்சல் பலகை, நாற்காலி. வாசலில் ஒருவர் பர்மா தேக்குக் கதவொன்றிலிருந்து நீல வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்கள் மரமாகத் தெரிய வேண்டும் என்கிறார்களாம். சுருள் சுருளாக விழுந்த வண்ணத்தில் நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே காவி இருந்தது. அந்த வீட்டில் யாரோ ஒருவர் கல்யாணத்துக்கோ புதுமனைக்கோ ஆசையாகத் தேர்ந்தெடுத்த நீலமாக இருக்கும். மரம்தான் மெய் என்று நம்புகிறவர்களிடம் அந்த நீலத்துக்கு இடமில்லை. என் அப்பாவும் பச்சையைச் சுரண்டியவர்தான். ரயில்வேயில் அந்த நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களின் தடம் எதுவாயிருந்தாலும் அது அந்த உளியோடு போனது. அதற்காக நான் வருந்தியதில்லை.

கறைக்கு வழி கேட்டு, பாலீஷ் வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். நாற்காலியைப் பார்க்காமலே, எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டார். சொன்னேன். “அங்க பாலீஷ் இல்ல, அதான்” என்றார். பிறகு விளக்கினார். மரத்துக்குள் அதன் சாயம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த வண்ணத்தைப் பூசும்போது அந்த ஈரம் உள்ளே போய்ச் சாயத்தைக் கரைக்கும். ஈரம் காய்ந்து வெளியேறும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். இன்னொரு பூச்சு போட்டால் இன்னொரு தடவை நனைத்து இன்னொரு தடவை இழுக்கிறோம். பத்துப் பூச்சு போட்டாலும் இதுதான். பழைய பாலீஷ் மிச்சமிருக்கும் இடத்தில் அது தடுத்துவிடும், ஏனென்றால் பாலீஷ் என்பது அவலரக்கு. ஸ்பிரிட்டில் கரையும், தண்ணீருக்கு மசியாது. அதனால் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கறைமேல் ஒரு கை ஓட்டிவிட்டால் அத்தோடு நின்றுவிடும் என்றார். புரச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் பூச்சியின் கசிவுதான் அரக்கு. ஐம்பது வருடத்துக்கு முன் அப்பா போடச் சொன்னதும் அதுவே. வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாக விழுந்தது. நாற்காலி முழுவதும் அரக்கு அப்படியே இருந்து அந்த இரண்டு இடத்தில் மட்டும் இல்லாமல் போயிருக்கிறது. அப்பா கை வைக்கும் இடங்களில்கூட, வருடத்துக்கு ஒருமுறை அவர் வார்னிஷ் தொட்டு வைத்ததால், தடுப்பு இருந்திருக்கிறது. பின்பக்கத்துக்கு யாரும் வார்னிஷ் தொட்டு வைக்கவில்லை. அம்மாவின் உள்ளங்கை நாளுக்கு ஒரு அரைமணியாக அரக்கைத் தின்று மரத்தைத் திறந்திருக்கிறது. பிரம்புக்காரர் விரலில் பட்டது அதுதான். என் வெள்ளையின் வழியாக வந்துகொண்டிருப்பதும் அதுதான்.

நாற்காலி என்ற சொல்லில் கால்கள்தான் இருக்கின்றன. உட்காருவது பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நம் ஊரில் நாற்காலி என்றாலே யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் தரையில் என்ற கணக்கோடுதான் அது வீட்டுக்குள்ளும் சபைக்குள்ளும் வருகிறது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானபோது, அப்பா உயிரோடு இல்லை. அம்மா அந்தப் படத்தைப் பேப்பரில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொடுமையையும் எங்கள் வீட்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். அது சட்டப்படி குற்றம், நூற்றாண்டுகளின் இழிவு. எங்கள் வீட்டில் நடந்ததைக் கொடுமை என்று அம்மாவே ஒப்பமாட்டாள். அப்பா அன்பானவர், அவளுக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடுவார். ஆனாலும் ஒரு நாள்கூட, “நீயும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கோ” என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு இப்போது உறுத்துவது, அவள் நின்றதற்கு இருந்த ஒரே எழுத்து அந்தத் தேய்மானம், அதைப் போய் மூடிவிட்டேனே என்பதுதான் என்று நினைத்தேன். சில வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையை முழுவதும் சுரண்டி எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அதற்குள் ஒரு காலையில் எழுந்து வந்தபோது அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, குறுக்குக் கட்டையில் ஒரு பாதத்தை ஏற்றி, மடியில் பேப்பரை விரித்து. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதுவும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். “என்னம்மா, இதுல உக்காந்திருக்கே?” என்று கேட்டுவிட்டேன். “ஏன், காயலையா இன்னும்?” என்று சேலையைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்து மூன்று வாரமாகியிருந்தது. “அப்பா நாற்காலியாச்சே” என்றேன். “இது எங்க அவரு நாற்காலி? அது பழுப்பால்ல இருக்கும். இது வேறடி” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விட்ட வரியைத் தேடினாள். அன்றிலிருந்து தினமும் அதில்தான். ஒரு பக்கத்தை முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. நிறைய ஆகிறது. விளம்பரம், ஏல அறிவிப்பு, நினைவஞ்சலி எல்லாம் படிக்கிறாள். சில சமயம் முன்பக்கத்துக்குத் திரும்பிப் போகிறாள்.

அவலரக்கு வாங்கி வைத்திருக்கிறேன். வெல்லப்பாகு நிறத்தில், அவல் மாதிரி மெலிந்த செதில்கள், நூறு கிராம். ஊறவைக்கவில்லை. மெழுகும் மற்ற இடமெல்லாம் தேய்த்தாயிற்று, மேல்கட்டையில் மட்டும் தேய்க்கவில்லை. கறைக்கு ஒரு வழி செய்துவிட்டுத் தேய்க்கலாம் என்று விட்டது. மெழுகு போடாத பரப்பு எதையும் குடித்துக்கொள்ளும் என்று முன்னால் எழுதினேன். போன வாரம் நாற்காலியைத் துடைக்கும்போது பார்த்தேன். அம்மா மத்தியானத்தில் அதில் கண்ணயர்கிறாள். மேல்கட்டையின் முன்பக்கத்தில், இரண்டு பழுப்புத் திட்டுகளுக்கும் நடுவே, தேங்காய் எண்ணெய் இறங்கி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மஞ்சளாக ஊறியிருக்கிறது.